ஆம்னியைப் பிரித்து வண்டி கட்டுவது: முதல் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்

கேட்டிருக்கும் தம்பிக்கு ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். காலமான தாத்தா ஓட்டிய 2006 மாடல் மாருதி ஆம்னி மூன்று வருஷமாக வாசலில் நிற்கிறதாம். இங்கிலாந்தில் லோட்டஸ் செவன் என்ற சின்னத் திறந்த கார் மாதிரி வண்டிகளை ஆட்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்கிறார்களே, அப்படி இந்த ஆம்னியின் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாவற்றையும் எடுத்து, குழாயில் சட்டம் வெல்டு செய்து, இரண்டு சீட் திறந்த வண்டி ஒன்று கட்ட ஆசை. "எதில் ஆரம்பிப்பது? எதை வைத்துக்கொள்வது, எதைக் காயலான் கடைக்குப் போடுவது? நாலு நாளில் பிரித்துவிட முடியுமா?" இதுதான் கேள்வி.

பிரிப்பது மட்டும்தான் வேலை என்றால் நாலு நாளே அதிகம். காயலான் கடையில் கேஸ் கட்டிங் வைத்துக் காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுவார்கள். நீங்கள் திரும்பக் கட்டப் போகிறவர், தம்பி. எந்த போல்ட் எந்த உயரத்தில் நிற்கிறது, எந்தப் பைப் எந்த வளைவில் போகிறது, எந்த வயரை எங்கே எர்த் பண்ணியிருக்கிறது என்பதெல்லாம் அந்த வண்டியிலேயே எழுதியிருக்கிறது. கழற்றிய நிமிஷம் அந்த எழுத்து அழிந்துபோகும். கும்பகோணத்தில் இருபத்தெட்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்க உட்கார்ந்தால் முதலில் ஒரு கீற்றுத் தடுக்கை விரிப்பார். கழற்றுகிற வரிசையிலேயே போல்ட், வாஷர், நட்டு என்று இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போவார். மாட்டும்போது வலமிருந்து இடமாக வருவார். நடுவில் யாராவது தடுக்கைத் தாண்டினால் அன்றைக்குக் கோபம்தான். உங்களுக்கும் அந்தத் தடுக்கிலிருந்துதான் சொல்லப் போகிறேன். நாலு நாள் என்பதை ஆறு ஞாயிற்றுக்கிழமை என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் காகிதத்தைப் பார்க்க வேண்டும். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதனால் நீங்கள் கட்டப்போகும் வண்டிக்கு இந்த ஆம்னியின் ஆர்சி செல்லாது. பழைய நம்பர் பிளேட்டை அதில் மாட்டி வேதாரண்யம் ரோட்டில் ஓட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிடும், அடிபட்டவர் குடும்பத்துக்கும் வழி இருக்காது. இங்கிலாந்தில் அப்படிக் கட்டிய வண்டியை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதிவு செய்துகொடுக்கத் தனி ஏற்பாடு இருக்கிறது. அங்கே இந்தப் பழக்கம் வளர்ந்ததற்கு வரியும் ஒரு காரணம். 1957இல் லோட்டஸ் செவன் வந்தபோது முழு வண்டியாக வாங்கினால் விற்பனை வரி உண்டு, பாகங்களாக வாங்கி நீங்களே மாட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. 1973இல் வரி முறை மாறியது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறையே கட்டப் பழகிவிட்டது. நமக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. உங்கள் வண்டி சொந்த நிலத்தில், களத்தில், அனுமதி உள்ள மூடிய மைதானத்தில் ஓடும் வண்டி. அதைத் தெரிந்துகொண்டு கட்டுவதில் ஒரு குறையும் இல்லை.

ஆர்சி இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும். வாரிசுகள் எல்லோரிடமும் பேசி முடித்துவிடுங்கள். நடுவில் ஒரு அத்தை "எங்கப்பா வண்டியை என்னைக் கேக்காமப் பிரிச்சுட்டியா" என்று வந்து நின்றால் பாதி பிரித்த வண்டிக்கு முன்னால் பதில் சொல்ல முடியாது. வண்டி இனி ஓடாது என்று ஆனால், 55ஆவது பிரிவின்படி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும் தகட்டை, அலுவலகத்தில் வேலை முடியும்வரை வெட்டவும் வேண்டாம், தொலைக்கவும் வேண்டாம்.

இப்போது ஆம்னி இதற்குத் தோதான வண்டியா என்ற கேள்வி. பாதிக்கு ஆம், பாதிக்கு இல்லை. லோட்டஸ் செவனில் எஞ்சின் முன்னால் நீளவாக்கில் உட்காரும், பின்சக்கரம் இழுக்கும். ஆம்னியிலும் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் நீளவாக்கில்தான் இருக்கிறது, முன் சீட்டுக்கு அடியில். அங்கிருந்து கியர்பாக்ஸ், சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னால் பட்டை (இலை ஸ்பிரிங்) மேல் உட்கார்ந்த ஹவுசிங், அதாவது பின் ஆக்சில் கூடு. அந்த வரிசையை அப்படியே எடுத்து வைக்கலாம். மாருதி 800இல் அதே அளவு எஞ்சின்தான் என்றாலும் குறுக்குவாக்கில் படுத்து முன்சக்கரத்தை இழுக்கிறது. அதைச் செவன் வடிவத்தில் வைக்க வழியில்லை, ஓட்டுநருக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். இதுவரை ஆம்னி பரவாயில்லை.

சிக்கல் முன்சக்கரத்தில். ஆம்னியின் முன் ஸ்ட்ரட் உயரமானது. சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்வரும் ஒரே தூணாக நின்று மேலே பாடியில் முட்டுக் கொடுக்கிறது. செவனின் மூக்கோ முழங்கால் உயரம். அந்தத் தூண் அதற்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். இங்கிலாந்துக்காரர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து எஞ்சினும் பின் ஆக்சிலும் எடுத்தவர்கள், எஸ்கார்ட்டின் முன் ஸ்ட்ரட்டை விட்டுவிட்டு, முன்சக்கரத்துக்கு மட்டும் கார்ட்டினா காரின் அப்ரைட்டை, அதாவது சக்கர ஹப்பைத் தாங்கும் துண்டை, தேடிப் போனார்கள். அதில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு ஆர்ம் பிடிக்கும். நம் ஊரில் அதற்கு ஈடாகத் தோன்றுவது பழைய பிரீமியர் பத்மினியின் முன்பக்கம், அதுவும் இரண்டு ஆர்ம் உள்ளது. ஆனால் அதன் ஸ்டட் வட்டமும் (வீல் போல்ட்டுகள் நிற்கும் வட்டம்) பிரேக்கும் ஆம்னி பின்சக்கரத்தோடு ஒத்துப்போகுமா என்று அளந்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

ஸ்டீயரிங்கிலும் இதே கதை. ஆம்னியில் ஓட்டுநர் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்காருவதால் ஸ்டீயரிங் காலம், அதாவது கையில் பிடிக்கும் வளையத்திலிருந்து இறங்கும் தண்டு, செங்குத்தாக இறங்குகிறது. செவனில் அது கிட்டத்தட்டப் படுத்துப் போக வேண்டும். இரண்டு ஜாயின்ட் போட்டுத் திருப்ப வேண்டும், அதுவும் தரமான ஜாயின்டாக. லேத்தில் கடைந்து வெல்டு வைத்த ஜாயின்டை ஸ்டீயரிங்கில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

என்னைக் கேட்டால், செவன் வடிவத்தை விட்டுவிட்டு ஆம்னியின் முன் ஸ்ட்ரட்டை அப்படியே வைத்து, அதற்குத் தகுந்த உயரத்தில் குழாய்ச் சட்டம் கட்டி, எஞ்சினையும் அது இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்து, தோப்புப் பாதையில் ஓடும் திறந்த வண்டியாகக் கட்டச் சொல்வேன். முதல் வண்டிக்கு அது போதும். செவன் ஆசை விடவில்லை என்றாலும் சரி, கீழே சொல்லும் பிரிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

மூன்று வருஷம் நின்ற வண்டி. சாவியைப் போட்டு நேராக ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் நல்லது. பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றி, பேட்டரி மாட்டி, ஓடவிடுங்கள். பிரிக்கப் போகிற வண்டியை ஏன் ஓட வைக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். கியர் இரண்டாவதில் உறுமுகிறதா, ஹவுசிங்கில் ஊளைச் சத்தம் வருகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்பதெல்லாம் ஓடும்போதுதான் தெரியும். மேஜையில் கிடக்கிற கியர்பாக்ஸ் ஒன்றும் சொல்லாது. எஞ்சின் சூடானதும், சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு மூன்று சிலிண்டரையும் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எஞ்சின் வேலைக்கும் காசு ஒதுக்க வேண்டும்.

நம் பக்கத்து வண்டிக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. டிஎன்-51 என்று நாகப்பட்டினம் நம்பரைப் பார்த்தாலே நான் முதலில் அடியில்தான் படுப்பேன். துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிய ஆம்னி என்றால் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் ஃப்ளோரின் மடிப்புகளில் இறங்கியிருக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும், கீழே பட்டை மாட்டும் இடம் விரலுக்கு உதிரும். வெள்ளத்தில் முங்கிய வண்டியும் அப்படித்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு அப்படி நிறைய வண்டி பட்டறைக்கு வந்தது. சீட் ஓடும் தண்டவாளத்துக்கு அடியிலும் ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ளும் வண்டல் காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வயரிங்கும் பேரிங்கும் சந்தேகம்தான். உங்கள் தாத்தா வண்டியாக இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

இடமும் காலமும். களிமண் தரையில் ஜாக்கி போடாதீர்கள். காய்ந்திருக்கும்போது கல் மாதிரி நிற்கும், ஒரு மழை பெய்தால் ஜாக்கி ஒரு பக்கம் அமிழும். நெல் காயப்போடும் சிமெண்ட் களம் இருந்தால் அதுதான் நமக்கு வாய்த்த பட்டறைத் தரை. மழைத்தண்ணீர் வடிய ஒரு பக்கம் வாட்டம் கொடுத்திருப்பார்கள், அதை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்து மாசிக்குப் பிறகு களம் காலியாக இருக்கும். பங்குனியில் தொடங்கினால் ஆனிக்குள் முடிக்கலாம். ஐப்பசியில் தொடங்கினால் பாதி எஞ்சினைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வண்டிக்கு அடியில் ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள். அது விரிசல் காட்டாமல் ஒரே நொடியில் பொடியாகும். நல்ல ஆக்சில் ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் வைரம் பாய்ந்த பனங்கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள்.

இப்போது அளவெடுப்பது. மனசைக் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இதுதான். இதைச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் கைவேலை.

வண்டி சக்கரத்தில் நிற்கும்போது, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தைக் கழற்றி, ஹப்பை ஜாக்கியால் ஏற்றி அதே உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். வண்டி சாலையில் நிற்கிற மாதிரியே அந்தரத்தில் நிற்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவலை இரவல் வாங்கி, பாடியின் நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். அடுத்து தூக்குக்குண்டு. லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் கீழே பாடியோடு பிடிக்கும் கை, பாடியில் சேரும் போல்ட்டின் நடுப்புள்ளியில் நூலை வைத்துக் குண்டைத் தரைக்குத் தொங்கவிடுங்கள். ஆட்டம் நிற்கும்வரை பொறுங்கள். பின்னால் நெல் களத்துக் காற்று அடித்தால் ஒரு வாளித் தண்ணீருக்குள் குண்டை முங்கவிட்டு ஆட்டத்தை அடக்கி, நூலை ஒட்டி மூலைமட்டம் வைத்துத் தரையில் குறியுங்கள். சாக்பீஸ் வேண்டாம், இரும்புக் கம்பியால் சிமெண்டில் ஒரு சின்னக் கூட்டல் குறி கீறி, பக்கத்தில் பெயிண்டில் எண் எழுதுங்கள். அந்த எண்ணுக்கு நேராக நோட்டில் உயரத்தை எழுதுங்கள்.

இப்படி எடுக்க வேண்டிய புள்ளிகள்: லோயர் ஆர்ம் போல்ட்டுகள், ஸ்ட்ரட் மேல்முனை, ஸ்டீயரிங் ராக்கின் (சக்கரத்தைத் திருப்பக் குறுக்கே நகரும் தண்டு) இரண்டு முனை, எஞ்சின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட், பின் பட்டையின் முன்கண், அதன் பின்முனையைப் பிடிக்கும் ஷாக்கிள், பின் ஷாக் அப்சர்வரின் மேல்முனை. எல்லாம் குறித்த பிறகு இடது முன்புள்ளியிலிருந்து வலது பின்புள்ளிக்கும், வலது முன்புள்ளியிலிருந்து இடது பின்புள்ளிக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் தாத்தா வண்டி நேராக இருக்கிறது. ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் பிசகினால் எப்போதோ அடிபட்டிருக்கிறது. அந்தக் கோணலைப் புதுச் சட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, நடுக்கோட்டை எடுத்து இரண்டு பக்கத்தையும் சமமாக்கிக்கொள்ள வேண்டும். வண்டி போனபிறகும் அந்தக் களத்தில் அதன் நிழல் மாதிரி புள்ளிகள் இருக்கும். புதுச் சட்டத்தை அதே புள்ளிகள் மேல் வைத்து வெல்டு பண்ணலாம்.

இதில் இரண்டு அளவுக்கு மட்டும் விளக்கம் சொல்ல வேண்டும். ஒன்று, ராக்கின் உயரம். சக்கரம் மேடு ஏறும்போது லோயர் ஆர்ம் ஒரு வில்லாக மேலே போகும், ராக்கையும் சக்கரத்தையும் சேர்க்கும் டை ராடும் ஒரு வில்லாகப் போகும். இரண்டு வில்லும் ஒத்துப்போனால்தான் சக்கரம் நேராக நிற்கும். ராக்கைப் பத்து மில்லிமீட்டர் மேலே வைத்துவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் நீங்கள் திருப்பாமலேயே சக்கரம் திரும்பும். வரப்போரம் போகிற வண்டிக்கு அது ஆபத்து. இரண்டாவது, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம். கியர்பாக்ஸ் பின்முகமும் ஹவுசிங்கில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். போனில் இருக்கும் லெவல் ஆப்பை அந்த முகத்தில் ஒட்டவைத்து டிகிரியை எழுதிக்கொள்ளுங்கள். இது தப்பினால் வண்டி ஒரு வேகத்துக்கு மேல் நடுங்கும், ஷாஃப்ட் முனையில் இருக்கும் கிராஸ் ஜாயின்ட் அடிக்கடி தேயும், எதனால் என்று கண்டுபிடிக்கவே மாசக்கணக்கு ஆகும்.

அளவு முடிந்ததும் திரவங்களை இறக்குவது. பேட்டரி மைனஸை முதலில் கழற்றுவது பழக்கம், ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். 2006 வண்டியில் எம்பிஎஃப்ஐ, அதாவது பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் முறை, இருக்கும். பெட்ரோல் லைனில் அழுத்தம் நிற்கும். பம்பின் பியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் லைனில் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானாக நிற்கும். பிறகு மைனஸ். ஆம்னியில் கேஸ் டேங்க் போட்டிருந்தால் நீங்கள் தொடவே கூடாது, அதற்கு அனுமதி பெற்றவரிடம் கொண்டுபோய்க் காலி பண்ணிக் கழற்றி வாங்குங்கள். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும் தனித்தனிக் கேனில் பிடியுங்கள். வாய்க்காலில் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. அந்தத் தண்ணீர்தான் அடுத்த வயலுக்கும் போகிறது, மாடும் அதைத்தான் குடிக்கிறது. பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். தண்ணீரில் நனைத்துத் துணியால் துடையுங்கள்.

சீட், கதவு, கண்ணாடி, டாஷ்போர்டு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, திருப்புளி போதும். நின்று செய்ய வேண்டியது வயரிங்.

பட்டறைக்கு வந்த புதிதில், 22 வயசில், ஒரு வண்டியின் வயரிங்கைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி எடுத்தேன். இழுத்தால் வரவில்லை, நேரமாகிறது என்ற அவசரம். திரும்பச் சேர்க்க மூன்று வாரம் ஆயிற்று. சேர்த்த இடங்களில் ஒன்று சூடாகிப் புகைந்தது. அன்றிலிருந்து ஒரு வயரையும் நான் வெட்டுவதில்லை. வயர்கள் ஒன்றோடொன்று சேரும் ஒவ்வொரு கப்ளரையும் கழற்றுமுன் ஒரு போட்டோ. கழற்றியதும் இரண்டு பக்கமும் பேப்பர் டேப்பில் ஒரே எண்: "14, வைப்பர்" என்றால் உள்ளே நுழையும் ஆண் பாதியிலும் 14, அதை வாங்கும் பெண் பாதியிலும் 14. பால்பாயின்ட் பேனா நம் ஊர் வியர்வையில் அழியும், மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். கிளிப்பை நெம்பி, முழுக் கட்டையும் ஒரே கொடியாக உருவி எடுங்கள். எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியு பெட்டியையும் அதற்கான சாவியையும் பிரிக்கவே கூடாது. சில வண்டிகளில் சாவியில் இருக்கும் சிப்பை ஈசியு அடையாளம் காணாவிட்டால் எஞ்சின் பிடிக்காது. ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர், சென்சார் எல்லாம் அதே குடும்பம், ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

எடுத்த கொடியை ஒரு பழைய கதவுப் பலகையில் விரித்து ஆணியடித்துக் கட்டுங்கள். பேட்டரி, பியூஸ் பாக்ஸ், ஹெட்லைட், ஹாரன் எல்லாவற்றையும் பலகையிலேயே மாட்டி எரியவைத்துப் பாருங்கள். எலி கடித்த இடம் அங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும். அறுவடை முடிந்ததும் வயல் எலி எல்லாம் வைக்கோல்போரையும் நின்ற வண்டியையும்தான் தேடி வரும், மூன்று வருஷம் நின்ற ஆம்னியில் கடி இல்லாமல் இருக்காது. இன்னொன்று எர்த். ஆம்னிக்குப் பாடி முழுக்க எர்த். உங்கள் குழாய்ச் சட்டத்துக்குப் பெயிண்ட் அடித்துவிடுவீர்கள். அதனால் எங்கெங்கே எர்த் போல்ட் இருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, புதுச் சட்டத்தில் அத்தனைக்கும் தனிக் கறுப்பு வயர் இழுத்து ஒரே இடத்தில் சேருங்கள்.

துருப்பிடித்த போல்ட்டுக்குப் பொறுமைதான் மருந்து என்பார்கள், அதோடு மெழுகுவத்தியும் வேண்டும். முதல் நாளே கம்பி பிரஷ் போட்டு, டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஊறவிடுங்கள். மறுநாள் ஆறுமூலை ரிங் ஸ்பேனர் போட்டு, தளர்த்துவதற்கு முன் ஒரு நூல் அளவு இறுக்குங்கள். "டிக்" என்று ஒரு சத்தம் வந்தால் துரு விட்டுவிட்டது. வரவில்லை என்றால் கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் சூடாக்கி, சூட்டோடு மெழுகுவத்தியை மரையில் தேயுங்கள். மெழுகு உருகி உள்ளே உறிஞ்சிக்கொண்டு போகும். ஆறியதும் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சர்வர் பக்கத்தில் நெருப்பு கூடாது. பட்டையையும் சுருள் ஸ்பிரிங்கையும் சூடாக்கவே கூடாது, அதன் வில்தன்மை போய்விடும். பின்னைத் தட்டி எடுக்க இரும்பு உளி வேண்டாம், கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறையில் கேட்டால் விரல் தடிமன் பித்தளைக் கம்பித் துண்டு கிடைக்கும். பித்தளை நசுங்கும், பாகம் பிழைக்கும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஹப் நட்டையும் வீல் நட்டையும் லேசாகத் தளர்த்திவிடுங்கள், தூக்கிய பிறகு சுற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே எடுங்கள். ஆம்னியில் நான் எப்போதும் கீழ்வழியாகத்தான் இறக்குவேன். எஞ்சினுக்கு அடியில் நான்கு சின்னச் சக்கரம் வைத்த பலகை, அதன்மேல் பழைய டயர். மவுண்ட் போல்ட்டை எடுத்து டயர் மேல் மெதுவாக இறக்கிவிட்டு, செயின் பிளாக்கால் பாடியைத் தூக்கினால் எஞ்சின் அங்கேயே உட்கார்ந்திருக்கும். செயின் பிளாக்கைத் தென்னை மரத்தில் கட்டாதீர்கள். இரும்புப் பைப்பில் முக்காலி செய்துகொள்ளுங்கள். தூக்கியிருக்கும் பாடிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது, தூக்கியதும் முதலில் முட்டு.

ஸ்ட்ரட்டை முழுசாகவே கழற்றி வைக்கலாம். அதன் உச்சியில் நடுவில் இருக்கும் பெரிய நட்டை மட்டும் ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் தொடாதீர்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளையே அடித்துவிடும். இதில் எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தாடை போயிற்று.

கழற்றிய போல்ட்டை, முடிந்தவரை, அது வந்த ஓட்டையிலேயே இரண்டு மரை திருகி விட்டுவிடுங்கள். முடியாததை ஜிப் கவரில் போட்டு, எந்த இடம், எத்தனை, எந்த ஸ்பேனர் என்று சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக் போல்ட்டுகள் தொலைந்தால் ஹார்டுவேர் கடையில் அதே நீளம் பார்த்து வாங்காதீர்கள். தலையில் 8.8 அல்லது அதற்கு மேல் எண் குத்திய போல்ட்தான் வேண்டும்.

எதை வைத்துக்கொள்வது என்று கேட்டீர்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், ஹவுசிங், பட்டை, ஸ்ட்ரட், ராக், ஸ்டீயரிங் காலம், பெடல் மூன்றும் அதன் தாங்கியோடு, ஹேண்ட் பிரேக், ரேடியேட்டர், டேங்க், உள்ளே இருக்கும் பம்போடு. பெடலை நீங்களே செய்துகொள்ளலாம் என்று தோன்றும். மிதிக்கும்போது வளையாத பெடல் செய்வது எளிதில்லை, கம்பெனி செய்ததையே வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், பெட்ரோல் ஹோஸ், ரப்பர் புஷ், கூலன்ட் ஹோஸ் எல்லாம் மாதிரிக்கு மட்டும். அளவு காட்டிப் புதுசு வாங்கியதும் போட்டுவிடலாம். கதவு, கண்ணாடி, பின் சீட், விளக்கு, பம்பர் ஆகியவற்றுக்கு இன்னும் ஆம்னி வைத்திருப்பவர்களிடம் நல்ல கிராக்கி உண்டு. 2019இல் அந்த வண்டி நின்றுபோனதால் தேடி வருவார்கள். எடைக்குப் போடாமல் பாகமாக விற்றால் வெல்டிங் ராடுக்கும் குழாய்க்கும் ஆகும்.

எஞ்சினைக் கழற்றிய அன்றே இன்லெட், எக்ஸாஸ்ட் ஓட்டைகளில் துணி அடைத்து டேப் ஒட்டுங்கள், இல்லையென்றால் ஒரே வாரத்தில் குளவி கூடு கட்டிவிடும். வாரம் ஒரு தடவை கிராங்கைக் கால் சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

கடைசியில் மிஞ்சுவது வெறும் கூடு. காயலான் கடைக்காரர் முதல் நாளிலிருந்தே அதற்குத்தான் வந்து நிற்பார். புதுச் சட்டம் நான்கு சக்கரத்தில் நின்று, எஞ்சின் உட்கார்ந்து, ஸ்டீயரிங் திரும்பும்வரை கொடுக்காதீர்கள். நோட்டில் எழுத மறந்த அளவு ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும், அதைக் கேட்க வேறு ஆள் கிடையாது. மண்ணில் படாமல் பனங்கட்டை மேல் ஏற்றி, தென்னைக்கு அடியில் இல்லாமல் திறந்த இடத்தில் வையுங்கள். தேங்காய் விழுந்து கூரை நெளிந்தால் அளவும் நெளிந்துவிடும். கதவில்லாத கூட்டுக்குள் சாரைப்பாம்பு குடிவரும், கட்டுவிரியனும் வரும். டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே குனிவதற்கு முன் ஒரு கம்பால் ஃப்ளோரைத் தட்டிவிட்டுக் குனியுங்கள்.